நேர் வடக்கே இருபத்தாறு டிகிரி

இராஜாக்கமங்கலத்திலிருந்து லடாக்கின் லே நகரம் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். ரயிலும் பஸ்ஸுமாகப் போய் வந்தவர் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேலே என்பார். செல்பேசியில் மேப்பைத் தட்டுகிறவர் அதைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்வார். துறையில் வள்ளம் ஓட்டுகிறவர், ஜிபிஎஸ் பார்த்துப் பழகியவர் என்றால், இரண்டு ஊரின் எண்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு "இருபத்தாறு டிகிரி வடக்கு" என்று சொல்லி வலையைக் கவனிக்கப் போய்விடுவார். மூன்றும் சரியான பதில்தான். ஆனால் விமானம் பறப்பது மூன்றாவது பதிலில்.

இந்த அத்தியாயம் அந்த மூன்றாவது பதிலைப் பற்றியது. லேயில் பிள்ளை ராணுவத்தில் இருக்கிறான், ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும் என்று நினைக்கிற பெற்றோருக்கும், நுப்ரா பள்ளத்தாக்கைப் பார்க்கக் காசு சேர்த்து வைத்திருக்கிற இளவட்டங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எண்ணைச் சரியாகப் படிப்பது

செல்பேசி மேப்பில் நம்மூரை அழுத்திப் பிடித்தால் ஏறத்தாழ 8.13, 77.37 என்று காட்டும். லேயை அழுத்தினால் 34.15, 77.58. முதல் எண் அட்சரேகை, அதாவது வடக்கே எவ்வளவு என்பது. இரண்டாவது தீர்க்கரேகை, கிழக்கே எவ்வளவு என்பது. இரண்டாவது எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். 77.37, 77.58. வித்தியாசம் ஒரு டிகிரியில் கால்பங்குகூட இல்லை. நம்மூர்க் கடற்கரையில் முதுகைக் கடலுக்குக் காட்டி நின்று, மூக்குக்கு நேரே கோடு கிழித்தால் அது பெங்களூரை உரசி, டெல்லிக்குச் சற்றுக் கிழக்கே கடந்து, லேக்குப் பக்கத்தில் போய் முட்டும். இப்படி ஒரே நேர்கோட்டில் இரண்டு ஊர் அமைவது கணக்குப் போடுகிறவனுக்குப் பெரிய உபகாரம். வடக்குத் தெற்கு வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதும்.

34.15-லிருந்து 8.13-ஐக் கழித்தால் 26 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 மினிட். ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல். ஆக 1,560 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் பெருக்கினால் 2,889 கிலோமீட்டர். பெருக்கல் கஷ்டமாக இருந்தால் டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோமீட்டர் முன்பின் வரும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. செல்பேசி காட்டுவது தசமத்தில், வள்ளத்து ஜிபிஎஸ் பெரும்பாலும் காட்டுவது டிகிரியும் மினிட்டுமாக. 34.15 என்பதை 34 டிகிரி 15 மினிட் என்று படித்துவிடக் கூடாது. புள்ளி ஒன்று ஐந்தை 60-ஆல் பெருக்கினால் 9 மினிட்தான் வரும். ஆறு மினிட் தவறு என்றால் 11 கிலோமீட்டர். விமானப் பயணத்துக்கு அது ஒன்றுமில்லை. கடலில், அதுவும் இலங்கை எல்லைப் பக்கம், இந்தத் தவறு எங்கே கொண்டுபோய் விடும் என்று மீனவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பறக்கும் நேரம்

பெரிய பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். ஆனால் ஏறவும் இறங்கவும் வரிசையில் காத்திருந்து ஓடுபாதைக்கு வரவும் நேரம் பிடிக்கும். அதனால் நான் வைத்திருக்கும் வாய்பாடு இது: தூரத்தை 800-ஆல் வகுத்து, கிடைக்கும் மணிக்கணக்கோடு அரை மணி நேரம் சேர்க்கவும்.

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து டெல்லி வான்வழியில் சுமார் 2,220 கிலோமீட்டர். வாய்பாட்டில் போட்டால் 3 மணி 17 நிமிடம். டிக்கெட்டில் போடுவதும் ஏறக்குறைய அதுதான். டெல்லியிலிருந்து லே 620 கிலோமீட்டர், அதற்கு 1 மணி 17 நிமிடம். டிக்கெட்டில் பத்து நிமிடம் கூட்டிப் போட்டிருப்பார்கள். மலைக்குள் இறங்குவதற்கு அந்தப் பத்து நிமிடம் நியாயம்தான்.

நம்மூரிலிருந்து லேக்கு ஒரே தாவாகத் தாவ விமானம் இருந்தால் நாலு மணி பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். இல்லை. இங்கேதான் தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு அறுந்துபோகிறது. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் எவ்வளவு தூரம் தெரியுமா? 2,950 கிலோமீட்டர். லேக்கும் துபாய்க்கும் நம்மிடமிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம். வளைகுடாவுக்குத் தொழிலுக்குப் போகிறவர் காலையில் வீட்டில் பழையது குடித்துவிட்டு இறங்கினால் மாலைக்குள் அங்கே அறையில் பெட்டியை வைத்துவிடுவார். லேக்குப் போகிறவருக்கு ஒரு முழு நாள் கழியும். எத்தனை பேர் போகிறார்கள் என்பதுதான் விமானத்துக்குக் கணக்கு, எவ்வளவு தூரம் என்பதல்ல.

வாசலிலிருந்து வாசல் வரை

மாதிரிக்கு ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். மதியம் ஒரு மணிக்கு இராஜாக்கமங்கலத்தில் காரில் ஏறுகிறீர்கள். திங்கள்சந்தை, அழகியமண்டபம், மார்த்தாண்டம், களியக்காவிளை வழி. நேர்கோட்டில் திருவனந்தபுரம் விமான நிலையம் 63 கிலோமீட்டர்தான். சாலையில் எண்பதை ஒட்டி வரும். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லை தாண்டியதும் காரோட்டிலிருந்து போகும் நான்குவழிச் சாலையைப் பிடித்தால் பாலராமபுரத்து நெரிசலில் மாட்டாமல் தப்பலாம். மார்த்தாண்டத்தில் என்ன ஆகும் என்பது அன்றைக்கு யார் வீட்டில் கல்யாணம் என்பதைப் பொறுத்தது.

மாலை ஐந்தரைக்கு விமானம், இரவு எட்டே முக்காலுக்கு டெல்லி. லே விமானங்கள் பெரும்பாலும் விடியற்காலையிலும் முற்பகலிலும்தான். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று வீசத் தொடங்கும். வெயில் ஏறினால் ஏற்கெனவே மெலிந்த காற்று இன்னும் மெலிந்து விமானத்தைத் தூக்கிக்கொடுக்காது. அதனால் இரவை டெல்லியில் கழித்துவிட்டு, ஆறு மணி விமானம் ஏறி, காலை ஏழு இருபதுக்கு லேயில் இறங்குகிறீர்கள். மொத்தம் 18 மணி 20 நிமிடம். அதில் வானத்தில் இருந்தது 4 மணி 35 நிமிடம். கால்பங்கு. மீதி முக்கால்பங்கும் தரையில்.

டெல்லியில் இரவை மிச்சம் பிடிக்கலாம் என்று நெருக்கமான இணைப்பு விமானம் எடுக்காதீர்கள். எனக்கு ஒருமுறை டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் ஒன்றேகால் மணி நேர இடைவெளியில் அடுத்த விமானத்தைப் போட்டுவிட்டார். இறங்கியது ஒரு முனையம், ஏறவேண்டியது இன்னொன்று. டெல்லியில் ஒன்றாம் முனையத்துக்கும் மூன்றாம் முனையத்துக்கும் இடையே சாலையில் போகவேண்டும், பல கிலோமீட்டர். இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்தது என்பதால் தவறிய விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. ஒரே பிஎன்ஆரில் எடுங்கள். டிக்கெட்டில் முனைய எண்ணைப் படியுங்கள்.

தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்து போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஜூலையில் அங்கே புது முனையம் திறந்தார்கள், சாலையும் நான்குவழி. சென்னைக்குப் போகிறவர் யோசிக்கலாம். டெல்லி வழியாக வடக்கே போகிறவருக்குத் திருவனந்தபுரமே தோது. நம் பாட்டன்மாருக்கும் அதுதான் வழி. 1935-ல் டாட்டாவின் தபால் விமானம் பம்பாயிலிருந்து அங்கே வந்து இறங்கியபோது இராஜாக்கமங்கலமும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956-ல் மாவட்டம் இந்தப் பக்கம் வந்தது, விமான நிலையம் அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

ரயில்தான் வேண்டும் என்பவருக்கு ஒரு வரி. கன்னியாகுமரியிலிருந்து கட்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் நாகர்கோவிலில் நிற்கும். வாரம் ஒருமுறை. சுமார் 3,780 கிலோமீட்டர், மூன்று நாளுக்கு மேல். அதே தூரம் வான்வழியில் 2,770. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் ரயில் உண்டு, செனாப் பாலத்தின் மேலே போகும். ஸ்ரீநகரிலிருந்து லேக்கு சாலையில் இன்னும் 420 கிலோமீட்டர். நேரமும் இடுப்பும் இருப்பவர் போகலாம்.

இறங்கிய பிறகு ஓடும் கடிகாரம்

லே விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகரம் இன்னும் கொஞ்சம் மேலே, 3,500 மீட்டரை ஒட்டி. நம் வீட்டு வாசல் கடலிலிருந்து சில மீட்டர். அங்கே காற்றழுத்தம் இங்கே உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள், தலையணை மாதிரி உப்பியிருக்கும். உங்கள் தலைக்குள்ளும் அதுபோல ஏதோ நடப்பதாகத் தோன்றும். அதனால் முதல் 48 மணி நேரம் லேயை விட்டு நகரக் கூடாது. படுத்திருங்கள், தண்ணீர் குடியுங்கள், படி ஏறுவதைக் குறையுங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாருங்கள். இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் கேட்காமல் கிளம்பவே கூடாது.

விமானத்தில் போவதால் மிச்சமான நேரத்தை மலை இப்படி வட்டியோடு வாங்கிக்கொள்கிறது. ஆகவே அட்டவணை போடும்போது அந்த 48 மணி நேரத்தையும் பயண நேரமாகவே எழுதுங்கள், ஓய்வு நேரமாக அல்ல. ஓய்வு என்று எழுதினால் வீட்டுக்காரர் அதில் இரண்டு மடாலயத்தைச் செருகிவிடுவார்.

மணியை மாற்றத் தேவையில்லை. ஒரே தீர்க்கரேகை என்பதால் இங்கே உச்சிப்பொழுது ஆகும்போதுதான் அங்கேயும் ஆகும். பகலின் நீளம் மட்டும் வேறு. ஜூன் கடைசியில் நமக்கு ஆறே முக்காலுக்கு முன்பே சூரியன் கடலில் இறங்கிவிடும், லேயில் ஏழரை தாண்டும். டிசம்பரில் தலைகீழ்.

இன்னொன்று: வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும். வந்து சேர்ந்துவிட்டோம் என்று வீட்டுக்குச் சொல்ல முடியாமல் போனால் இங்கே இரண்டு நாள் அடுப்பு எரியாது.

கூப்பிடு தூரம், போய்ச் சேராத தூரம்

இனிதான் இந்த அத்தியாயத்தின் கடினமான பகுதி. நம்மூரிலிருந்து லே வருவதைவிட, லேயிலிருந்து அடுத்த ஊருக்குப் போவதில்தான் கணக்கு கைவிடும்.

நுப்ராவில் இருக்கும் டிஸ்கிட் கிராமத்தின் அட்சரேகை 34.55. லேக்கு நேர் வடக்கே 0.4 டிகிரி. 111-ஆல் பெருக்கினால் 44 கிலோமீட்டர். இராஜாக்கமங்கலத்திலிருந்து மார்த்தாண்டம் போய், இன்னும் கொஞ்சம் போனால் முடிந்துவிடுகிற தூரம். ஆனால் நடுவே கர்துங் லா கணவாய், 5,359 மீட்டர். சாலை அதில் வளைந்து வளைந்து ஏறி, மறுபக்கம் இறங்கி, சுமார் 120 கிலோமீட்டர் போடுகிறது. நாலைந்து மணி நேரம் ஆகும். பனி விழுந்தாலோ மண் சரிந்தாலோ எத்தனை மணி என்று ஓட்டுநரும் சொல்லமாட்டார். அங்கே ஓட்டுநர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை, கணவாய் திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.

லேக்கும் கார்கிலுக்கும் இடையே கணக்குக் கொஞ்சம் சுவாரசியம். கார்கில் 34.56, 76.13. இங்கே வடக்கும் மாறுகிறது, மேற்கும் மாறுகிறது. அட்சரேகை டிகிரி எங்கேயும் 111 கிலோமீட்டர்தான். தீர்க்கரேகை டிகிரி அப்படியில்லை, வடக்கே போகப் போக நெருங்கும். நம்மூரில் 110 கிலோமீட்டர், லேயில் 92. ஆக வடக்கே 45 கிலோமீட்டர், மேற்கே 133 கிலோமீட்டர். இப்போது சாய்வுக் கோடு எவ்வளவு? வர்க்கமூலம் எடுக்கத் தெரிந்தவர் எடுக்கலாம். தெரியாதவருக்குப் பழைய தமிழ்க் கணக்கு ஒன்று இருக்கிறது: பெரிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர். 133-ல் எட்டில் ஒன்று போக 116, அதோடு 45-ல் பாதியாகிய 22-ஐச் சேர்த்தால் 138. சரியான விடை 140. வாய்க்கணக்குக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சின்னப் பக்கம் பெரிய பக்கத்தில் கால்பங்குக்கும் குறைவாக இருந்தால் மட்டும் இதைப் போடாதீர்கள், பெரிய பக்கத்தையே விடையாக வைத்துக்கொள்ளுங்கள்.

140 கிலோமீட்டர் என்றால் வாய்பாட்டின்படி நாற்பது நிமிடப் பறப்பு. வழக்கமான பயணிகள் விமானம் இல்லை. சாலை 215 கிலோமீட்டர், 4,108 மீட்டர் உயரத்திலிருக்கும் ஃபோட்டு லாவைக் கடந்து ஐந்தாறு மணி நேரம். குளிர்காலத்தில் கார்கிலுக்கு மேற்கே சோஜி லா அடைபட்டு ஸ்ரீநகர்ப் பக்கம் துண்டிக்கப்படும்போது, சிக்கிக்கொண்டவர்களை விமானப்படையின் ஏஎன்-32 விமானங்கள் ஏற்றிச் செல்வதுண்டு. அதற்குக் கார்கில் கூரியர் என்று பேர். உள்ளூர் மக்களுக்கு அது உயிர்நாடி. சுற்றுலாப் போகிறவர் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

இந்த மாதிரி ஊர்களுக்கு உலகத்தில் வேறெங்கேயாவது ஒழுங்கான விமானம் உண்டா என்று கேட்டால், உண்டு. நார்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் என்றொரு பகுதி. 1980-களில் யாழ்ப்பாணத்திலிருந்து போன தமிழர் பலர் அங்கே மீன் பதனிடும் ஆலைகளில் வேலை பார்த்தார்கள். அங்கே பொட்ஸ்ஃபியூர், வார்டோ என்று இரண்டு மீன்பிடி ஊர்கள், இரண்டும் 70 டிகிரிக்கு வடக்கே. அந்த அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகை டிகிரி 37 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். விமான நிலையங்களின் எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் கிழக்கே 50, தெற்கே 27 கிலோமீட்டர் வருகிறது. எட்டில் ஒன்று கழித்துப் பாதி சேர்த்தால் 57. இதே இரண்டு ஊருக்கும் சாலை வழி சுமார் 250 கிலோமீட்டர்! குடா வளைவையெல்லாம் சுற்றிக்கொண்டு வரவேண்டும். கடற்கரையோரமாகப் போகும் கப்பல் மூன்று மணி நேரம் எடுக்கும். ஆயிரம் மீட்டரை ஒட்டிய குட்டி ஓடுபாதையில் சுமார் நாற்பது பேர் ஏறும் விசிறி விமானம் இறங்கி ஏறுவதால், அப்படிப்பட்ட இரண்டு ஊருக்கு நடுவே பறக்கும் நேரம் கால்மணி, இருபது நிமிடம். இவ்வளவு குட்டித் தாவலுக்கு என் 800 வாய்பாடு செல்லாது. விமானம் முழு வேகத்தை எட்டும் முன்பே இறங்கத் தொடங்கிவிடும்.

அரசு மானியம் கொடுப்பதால்தான் அந்த விமானங்கள் ஓடுகின்றன. டிக்கெட் காசில் அது கட்டுப்படியாகாது. லடாக் நிர்வாகமும் தொலைதூர ஊர்களுக்கு மானியத்தில் ஹெலிகாப்டர் விட்டிருக்கிறது. உள்ளூர்க்காரருக்கும் நோயாளிகளுக்கும்தான் முன்னுரிமை, அதுதான் முறை. இடம் இருக்கிறதா, கட்டணம் என்ன என்பதை லேயில் போய் அன்றன்றைக்கு விசாரிக்கவேண்டும்.

எந்த ஊருக்குப் போவதானாலும் சாலைத் தூரத்தை வான்தூரத்தால் வகுத்துப் பாருங்கள். நம்மூர்–திருவனந்தபுரம் ஒன்றேகால். லே–கார்கில் ஒன்றரை. லே–டிஸ்கிட் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. பொட்ஸ்ஃபியூர்–வார்டோ நாலுக்கும் மேல். ஒன்றரைக்குள் இருந்தால் சாலையில் போய்விடலாம், மேப் சொல்லும் நேரத்தையும் நம்பலாம். இரண்டைத் தாண்டினால் நடுவே மலையோ கடலோ இருக்கிறது என்று அர்த்தம். மேப் சொல்லும் நேரத்தோடு பாதியைக் கூட்டி, வெளிச்சம் போவதற்குள் சேரும்படி கிளம்புங்கள்.

திரும்பும் நாள்

டிஸ்கிட்டிலிருந்து லே திரும்பிய மறுநாள் காலையிலேயே டெல்லி விமானம் என்று போடாதீர்கள். நடுவே ஒரு நாள் வெறுமனே கிடக்கட்டும். கர்துங் லா ஒரு பிற்பகல் அடைபட்டாலும் உங்கள் டிக்கெட் பிழைக்கும். லேயில் மேகம் இறங்கினால் விமானம் தலைக்கு மேலே வரை வந்து, இறங்க முடியாமல் டெல்லிக்கே திரும்புவதும் நடக்கும். அன்றைக்கு விட்டுப்போனவர்கள் எல்லாரும் அடுத்த நாள் கவுண்டரில் வரிசையில் நிற்பார்கள். விடியற்காலை நாலரைக்கே அங்கே போய் நில்லுங்கள். கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிடாதீர்கள்; திருவனந்தபுரத்தில் இறங்கியதும் கழற்றிக்கொள்ளலாம்.